மருமகா டாக்டர்

செத்துப்போனவரைத்தான் நான் இத்தனை நாளும் சரிபார்த்திருக்கிறேன். வரவேற்பு மேசைக்கு மேலே சுவரில் படம், படத்துக்குச் சந்தன மாலை, மாலையைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறிக் கண் சிமிட்டும் சீரியல் விளக்கு, நடுவில் டாக்டர் ஆறுமுகநயினார், எம்.டி., டி.சி.எச்., தங்கப் பதக்கம் வாங்கியவர், இவர் பதிவு எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், அவர் என்னைப் பொறுமையாகப் பார்க்கிறார், பரீட்சைக்குத் தவறான பாடத்தைப் படித்துவிட்டு வந்த பெண்ணைப் பார்ப்பதுபோல. வாசல் போர்டில் இருப்பதும் இவர் பெயர்தான். மருத்துவக் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் பெயர் இருந்தது, தகப்பனார் பெயர் இருந்தது, படித்த கல்லூரி, தேறிய ஆண்டு எல்லாம் இருந்தன. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல மட்டும் நான் பார்த்த பக்கத்தில் ஒரு கட்டமும் இல்லை. வரலாறு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு கல்வெட்டில் அரசன் பெயர் இருந்தால் அந்த நாளில் அவன் ஆண்டான் என்று முடிவுகட்டாதே, செத்த அரசன் பெயரிலும் கொஞ்ச காலம் வரி வாங்குவார்கள் என்று வகுப்பில் நீட்டி முழக்குகிறவள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற ரெஜினாக்காவிடம், சார் உள்ளே இருக்காங்களா என்று கேட்டேன். எந்த சாரு என்றாள். நான் மேலே கையைக் காட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அவுக போயி ரெண்டு கார்த்திகை ஆச்சும்மா.” அப்போ யார் பார்ப்பாங்க. “மருமகா டாக்டர் பாப்பாவ.” மருமகள் பெயர் என்ன. “மருமகா டாக்டர்னுதாம் சொல்லுவோம்.” அவங்களுக்குன்னு ஒரு பேர் இருக்கும்லா. “இருக்கும்.” போர்டை மாற்றலாமே என்றேன். ரெஜினாக்கா முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்கு மாத்தணும்? சாரு பேரு நல்ல பேருல்லா. ஒக்காருங்க, தாரா அம்மா. கூப்பிடுதேன்.”

தாரா அம்மா. குழந்தையின் பெயர் தாரகை, அதைத் தாராவாக வெட்டியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மாமியார் ஆவுடையம்மாள், அந்த வெட்டிய பெயரின் பின்னால் நான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் என்னை இன்னும் வெங்கட்ராமன் சார் இடத்துக்கு வந்தவங்க என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே அந்த மருமகள்மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெயரில்லாதவளை எதில் போட்டுத் தேடுவது. தாரகை என் தோளில் கொதித்துக்கொண்டு கிடக்கிறாள், நேற்று மத்தியானம் ஆரம்பித்த காய்ச்சல், மருந்து கொடுத்தால் ஒரு மணி நேரம் இறங்கி ஏறுகிறது, ராத்திரியிலிருந்து இருமல், இப்போது இருமலைக்கூடக் காணோம், மூச்சு மட்டும்தான், சின்னச் சின்னதாக, அவசரமாக, என் கழுத்தில் படுகிற மூச்சு. “சாருக்குக் கைராசி ஏளா,” என்கிறார் அத்தை. “தொட்டாருன்னா காய்ச்ச எறங்கிரும். உன் வீட்டுக்காரனுக்கு மூணு வயசுல மாந்தம் வந்தப்ப அவருதாம் பாத்தாரு.” அவர் போயிட்டாரு அத்தை. “அதுக்கென்ன, மருமகளுக்கும் அதே கைராசின்னு சொல்லுதாவ.” கைராசி எந்த வாரிசுச் சட்டத்தின்கீழ் மருமகளுக்குப் போகும் என்று கேட்க வாய் துடித்தது. மகனுக்குப் போகலாம், ரத்தம் என்பார்கள். மருமகளுக்கு? தாலியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்களா. கேட்கவில்லை. கேட்டால் அத்தை தன் தமக்கை மகளுக்குப் போன் போட்டு, இவ ஆஸ்பத்திரியில ஒக்காந்து வக்கீலு மாதிரி பேசுதா என்பார், அவள் ஓசூரில் பயிற்சிக்குப் போயிருக்கிற என் புருஷன் முத்தையாவுக்குச் சொல்வாள், முத்தையா என்னைக் கூப்பிட்டு, அந்த டாக்டரை விட்டுரு பாவம் என்பான். ஏற்கெனவே சொன்னான். நேற்றே சொன்னான். நீ டாக்டரையா தேடுதே, மாப்பிள்ளையா பாக்குதே என்றான். மாப்பிள்ளை பார்க்கும்போது இவ்வளவு பார்த்திருந்தால், என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவன் சிரித்தான். எதிர்முனையில் ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது.

சுவரில் யானை வரைந்திருக்கிறார்கள். தும்பிக்கை சுவிட்ச் போர்டில் போய் முடிகிறது. இந்த யானையைப் பார்த்துக் குழந்தை சமாதானமாகும் என்று நினைத்தவனை நான் பார்க்க வேண்டும். போன ஐப்பசியில் உட்கார்ந்திருந்த இடத்தில் மயில் இருந்தது, அது இதைவிட நன்றாகவே வரையப்பட்டிருந்தது, அங்கே ஏசி இருந்தது, மீன்தொட்டி இருந்தது, கண்ணாடிக் கதவில் குழந்தைகள் நல நிபுணர் என்று தங்க எழுத்து, பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. மெய்க்கீர்த்தி. சோழன் கடல் கடந்து வென்ற நாடுகளைச் சொல்லிக்கொண்டே போவான், அதில் பாதி அவன் போனது, கால்வாசி அவன் படை போனது, மீதி கல்வெட்டு எழுதியவன் காதில் விழுந்தது. அந்தப் பட்டங்களை நான் பிறகுதான் உட்கார்ந்து பிரித்தேன். முதலாவது எல்லா டாக்டருக்கும் உள்ளது. மற்றவை பணம் கட்டினால் தபாலில் வரும் சங்க உறுப்பினர் எழுத்துகள், ஒன்று லண்டன் என்று அடைப்புக்குறிக்குள், லண்டனில் அப்படி ஒரு சங்கத்துக்கு ஒரு அறை இருந்தால் பெரிது. குழந்தை வைத்தியத்துக்கென்று அவன் ஒரு வருஷம்கூடத் தனியாகப் படித்திருக்கவில்லை. அத்தையின் தமக்கை மகள் சொல்லி அனுப்பிய இடம். காய்ச்சலோடு போனோம், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாரகைக்கு வலிப்பு வந்தது. கண் மேலே போய், வெள்ளை மட்டும் தெரிந்து, தாடை இறுகி, கையும் காலும் யாரோ உள்ளிருந்து உதறுவதுபோல, பிறகு உதடு நாவல்பழ நிறத்துக்குப் போனது. அவன் எழுந்து பின்னால் நகர்ந்தான். அதை நான் பார்த்தேன். முன்னால் இல்லை, பின்னால். நர்ஸ்தான் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். வலிப்பு நின்ற பிறகு அவனுக்குக் குரல் திரும்பி வந்து, இது மூளை சம்பந்தப்பட்டது, தினம் இந்தச் சிரப், நிறுத்தவே கூடாது என்றான். அந்தச் சிரப்பில் குழந்தை விடிந்தும் தூங்கினாள், பொழுது சாய்ந்தும் தூங்கினாள், நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், அம்மா என்பதற்குப் பாதி நாள் ஆகும்போல் இருந்தது. கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் சினேகிதியின் அண்ணன் மதுரையில் டாக்டர், அவர் போனில் எல்லாம் கேட்டுவிட்டு, காய்ச்சலோடு வருகிற வலிப்பு பெரும்பாலும் தானாகவே வயதோடு போய்விடும், இதை யார் எழுதினது என்றார். அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். தாரகை விழித்தாள். விழித்த அன்றே நான் சரிபார்க்க ஆரம்பித்தேன், இனி ஒரு எழுத்தைக்கூட நம்புவதில்லை என்று.

இன்சூரன்ஸ் தனிக் கூத்து. முத்தையாவின் கம்பெனி கொடுத்தது, அட்டையில் ஒரு குடும்பம் குடையின்கீழ் நின்று சிரிக்கிறது, மழை பெய்வதாகத் தெரியவில்லை. போன் போட்டேன். இசை. இசைக்குப் பிறகு ஒரு பெண் குரல், மேடம், டாக்டர் ஃபீஸ் கவர் ஆகாது மேடம், அட்மிஷன் ஆனா மட்டும் மேடம். அப்படியானால் நோய் முற்றும்வரை காத்திருக்க வேண்டுமா என்றேன். அப்படி இல்ல மேடம், வேற ஏதாவது உதவி வேணுமா மேடம். எங்கள் ஊரில் கையில் பணம் கட்டாமல் படுக்கலாம் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட ஆஸ்பத்திரிகள் எவை என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்கு உண்டு, எலும்புக்கு உண்டு, சிறுநீரகக் கல்லுக்கு உண்டு, பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை வரம் கொடுக்க மூன்று உண்டு. வரத்தில் வந்த பிள்ளைக்குச் சளி பிடித்தால் பார்க்க ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் குழந்தைகளைப் பார்க்க வருகிறவன் யார் என்று விசாரித்தால், மயில் வரைந்த சுவர்க்காரன். சிரிப்புத்தான் வந்தது. ஆகவே இன்சூரன்ஸை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆளாவது நிஜமாக இருக்கட்டும் என்று சலித்துச் சலித்து எடுத்த ஆள்தான் அதோ மாலையோடு இருக்கிறார்.

பக்கத்தில் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண், மடியில் மூக்கொழுகும் மகன், போன வாரம் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டைக் கையில் சுருட்டிவைத்திருந்தாள். பார்க்கலாமா என்றேன். தந்தாள். சீட்டின் தலையில் ஆறுமுகநயினார், அவர் பட்டங்கள், அவர் எண். அடியில் ஒரு கிறுக்கல் கையெழுத்து, மழையில் நனைந்த எறும்புபோல. அதாவது இந்த ஊரில் ஒரு பிணம் தினமும் சாயங்காலம் மருந்து எழுதுகிறது, மருந்துக்கடைக்காரன் வாங்கிப் படித்துக் கொடுக்கிறான், குழந்தைகள் குடிக்கின்றன, யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இதுல டாக்டர் பேர் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “மருமகா டாக்டரு,” என்றாள். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, “கோவக்காரி. ஆனா ஊசி போட மாட்டாவ,” என்றாள். இதை ஒரு தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்வதா. கோபம், ஊசியின்மை. நான் எழுந்தேன். போகலாம் அத்தை என்றேன். “எங்க போறது?” வேற பார்ப்போம். “எங்க ஏளா போவே, பிள்ளை இப்பிடிக் கெடக்கு. உனக்குப் பிடிச்ச டாக்டரு இனிமேத்தான் பொறந்து வரணும்.” ஒரு அறைக்கு இத்தனை பேர், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், மூக்கொழுகும் பையன்கூட. வாசல்வரை போனேன். வெளியே கார்த்திகைத் தூறல், எதிரில் டீக்கடை, தாரகையை மழையிலிருந்து மறைக்க மார்போடு திருப்பிப் பிடித்தேன், அப்போதுதான் அந்தச் சத்தம். ஒவ்வொரு மூச்சு விடும்போதும் தொண்டையில் ஒரு சின்ன முனகல். பாரம் தூக்குகிறவன் விடுகிற மாதிரி. அழுகை இல்லை. அழுவதற்கு இவளிடம் மூச்சு இல்லை. சட்டையைத் தூக்கினேன். விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. இதை எங்கோ படித்திருக்கிறேன், எல்லாவற்றையும் எங்கோ படித்திருக்கிறேன், படித்த பக்கத்தின் இடதுபக்க ஓரமா வலதுபக்க ஓரமா என்றுகூடச் சொல்வேன், என்ன செய்ய வேண்டும் என்று அதில் போட்டிருந்தது மட்டும் ஞாபகம் இல்லை. திரும்பி வந்து ரெஜினாக்காவின் மேசைமேல் குழந்தையைச் சட்டை தூக்கியபடியே வைத்தேன், டோக்கன் கட்டின்மேல். அவள் ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டி, “டாக்டரம்மா, ஒரு பிள்ளை முக்குது,” என்றாள். உள்ளே இருந்த ஒரு தாயும் பிள்ளையும் உடனே வெளியே வந்தார்கள்.

நாற்பது வயதிருக்கும். தலைமுடியைக் கிளிப்பில் அள்ளிச் செருகியிருந்தாள், கண்ணாடியில் ஒரு பக்கம் கைரேகை. அறையில் ஒரு சான்றிதழ்கூட மாட்டவில்லை, பார்த்துவிட்டேன், உள்ளே நுழைந்ததும் அதைத்தான் பார்த்தேன். குழந்தையைக் கிடத்தச் சொன்னாள், சட்டையைக் கழற்றினாள், ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல் நேத்து மத்தியானம் ஆரம்பிச்சது, போன ஐப்பசியில வலிப்பு வந்திருக்கு, என்று நான் ஆரம்பித்தேன். “பேசாதீங்க. எண்ணிட்டிருக்கேன்.” சுவர்க்கடிகாரத்தில் கண். என் வாழ்க்கையில் இவ்வளவு நீளமான நிமிஷம் வந்ததில்லை, வகுப்பில் தூங்குகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ. பிறகுதான் குழாயைக் காதில் மாட்டினாள், முதுகில் ஒரு இடத்தில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி அதே இடத்தில் வைத்தாள். விரல்நுனியில் ஒரு கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்த்தாள். அதை எனக்குக் காட்டவில்லை. “நெஞ்சுல சளி கட்டியிருக்கு. நிமோனியா. ஆக்ஸிஜன் வேணும். இங்க இல்ல. எனக்குப் படுக்கையும் இல்ல. இன்சூரன்ஸ்ல எந்த ஆஸ்பத்திரி வருது?” சொன்னேன். அந்தப் பெயரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், கைரேகை இல்லாத பக்கத்தைத் துடைத்தாள். “அங்க வேண்டாம்,” என்றாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். “பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. பிள்ளைங்க வார்டு. காலையில நான் அங்கதான். இப்ப டூட்டியில இருக்கிறவங்களுக்குப் போன் பண்ணிருதேன்.”

பெரியாஸ்பத்திரி. வாசலில் பாய் விரித்துப் படுத்திருக்கிற கூட்டம், தூக்குச்சட்டி, வெற்றிலைக் கறைச் சுவர். நான் இத்தனை நாள் தேடியதில் அதன் பெயர் வரவே இல்லை. வேண்டாம் என்று தள்ளினேன் என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும், தள்ளவும் இல்லை, அது எனக்கு ஆஸ்பத்திரி என்றே தோன்றவில்லை, அது வேறு யாரோ போகிற இடம். முறையாகப் படித்துத் தேறாத ஒருவரைக்கூட அரசாங்கம் அந்த வார்டில் நிற்கவிடாது, அத்தனை பேரும் நான் தேடிய எழுத்துகளை வைத்திருப்பவர்கள், கீழே தூக்குச்சட்டியோடு படுத்திருந்தவர்களுக்கு அது கிடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இதை நினைக்கிறேன், அதற்குள் அத்தையின் குரல். “பெரியாஸ்பத்திரியா? நாங்க அங்கெல்லாம் போற ஆளுவ இல்லம்மா.” டாக்டர் அத்தையைப் பார்க்கவில்லை, சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். “வெளிய நீங்க விசாரிச்சது எல்லாம் கேட்டுச்சு,” என்றாள். குரலில் மன்னிப்பு எதுவும் இல்லை. எனக்கும் வெட்கம் வரவில்லை. உங்க ரிஜிஸ்டர் நம்பர் என்ன என்று கேட்டேன். இந்த நேரத்தில் இதைக் கேட்கிற ஒருத்தி இருப்பாளா என்று எனக்கே தோன்றியது, ஆனாலும் வாய் கேட்டது, ஐப்பசியில் கேட்காத வாய். அவள் எழுதுவதை நிறுத்தாமல் எண்ணைச் சொன்னாள். பெயரையும் சொன்னாள், மரகதவல்லி. “வண்டியில போறப்ப பாத்துக்கங்க. இங்க நின்னு பாக்காதீங்க. போங்க.”

ரெஜினாக்கா ஆட்டோவைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தாள். தூறல் வலுத்துவிட்டது, ஓட்டுநர் பக்கவாட்டுத் திரைகளை இறக்கிவிட்டான், உள்ளே நாங்கள் மூன்று பேரும் ஒரே மூச்சைத்தான் பகிர்ந்துகொள்வதுபோல் இருந்தது, அதில் தாரகையின் பங்குதான் ஆகக் குறைவு. “யாரும் கேட்டா இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரின்னு சொல்லு,” என்றார் அத்தை. சரி என்றேன். ஆட்டோ சந்து திரும்பியது. அத்தை தன் சேலைத் தலைப்பால் குழந்தையின் காலைப் பொதிந்தார், பொதிந்ததை அவிழ்த்தார், மறுபடி பொதிந்தார். இத்தனை நாளாக என் தேடலைக் கேலி செய்த வாய் அது, கைராசி, கைராசி என்று ஓதிய வாய். “ஏளா,” என்றது அந்த வாய், மிகச் சின்னக் குரலில், “அந்த நம்பரப் போட்டுப் பாத்தியா? நெசமான டாக்டருதானா அவ? அவ சொல்லுதான்னு அங்க கொண்டு போறோமே.” போன் என் பைக்குள் இருக்கிறது. பை என் காலடியில் இருக்கிறது. ஒரு கை குழந்தையின் தலைக்குக் கீழே, ஒரு கை விலாவின்மேல், அந்தக் கையை எடுத்தால் விலா நின்றுவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம், எந்தப் புத்தகத்திலும் இல்லாத எண்ணம். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாத்துட்டேன் அத்தை, நெசந்தான், எம்.டி. என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை, தலையை ஆட்டினார், அவர் கையும் வந்து என் கைமேல் உட்கார்ந்தது, கனமாக, எடுங்கள் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. கைக்குக் கீழே விலா குழிந்தது, எழுந்தது, குழிந்தது. திரையை விலக்கி, அண்ணே, விரட்டுங்க என்றேன். விரட்டிக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி என்றான். இன்னும் விரட்டுங்க என்றேன்.